எதிர்க்குதிரை

மதுரைக்கு மேற்கே, தேனிக்குச் செல்லும் சாலையைப் புறவழிச் சாலை குறுக்கிடும் காளவாசலில், சூளைகளெல்லாம் மறைந்து சூளையின் பெயர் மட்டும் ஊருக்கு எஞ்சியிருந்த காலத்திலே, என் பெரியப்பாவின் வீட்டுத் திண்ணையில் நான் சதுரங்கம் கற்றுக்கொண்டேன். புதுமண்டபத்துக் கடையொன்றில் வாங்கிய மரக்காய்கள் அவை. கறுப்பு யானை ஒன்று எப்போதோ தொலைந்துபோனமையால், அதன் ஸ்தானத்தில் ஒரு பித்தளைத் தாயக்கட்டை நின்றது. பெரியப்பாவுக்கு இரண்டு முறைகளும் தெரியும்: சிப்பாய் எப்போதும் ஒரே கட்டம் நகரும் நாட்டு முறை, முதல் முறை மட்டும் இரண்டு கட்டம் பாயும் இங்கிலீஷ் முறை. எனக்குக் கற்பித்தது பின்னதைத்தான். ‘இனிமே ஊரெல்லாம் இதுதான் நடக்கும்’ என்று அவர் சொல்லியிருந்தார்.

ஒன்பது வயதில் எனக்கு ஒரு யுக்தி தோன்றிற்று. அவர் எந்தக் காயை நகர்த்துகிறாரோ, எதிர்ப்புறத்தில் அதே காயை அதே கட்டத்துக்கு நகர்த்திக்கொண்டே போனால், அவர் ஜெயிக்கிற அளவுக்கு நானும் ஜெயிக்க வேண்டுமல்லவா? அவர் ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார், நானும் தள்ளினேன். அவர் ராஜாப்பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்து என் சிப்பாயைக் குறிவைத்தார். நானும் குதிரையை எடுத்து அவர் சிப்பாயைக் குறிவைத்தேன். அவருடைய குதிரை என் சிப்பாயை வெட்டியது. என் குதிரை அவர் சிப்பாயை வெட்டியது. பெரியப்பா வெற்றிலையை மடித்தபடியே, ‘என்னப்பு, கண்ணாடிக்கு முன்னால உக்காந்த மாதிரி வெளயாடுற?’ என்றார். பிறகு ராணியை ராஜாவுக்கு நேர் முன்னே ஒரு கட்டம் நகர்த்தி, என் குதிரையைத் தாக்கினார். நான் பயந்து குதிரையைப் பின்னுக்கு இழுத்தேன். அவருடைய குதிரை நடுக்கட்டத்திலிருந்து விலகிப் பாய்ந்தது. விலகிய வழியே அவர் ராணி என் ராஜாவுக்கு செக் சொல்லிற்று. பாய்ந்த இடத்திலிருந்து குதிரை என் ராணியைப் பிடித்துக்கொண்டது. ராஜாவைக் காக்க வேண்டிய கடமை எனக்கு வந்துவிட்டபடியால் ராணியைக் காக்க நேரமில்லை. ஐந்தாவது நகர்வில் ஆட்டம் போயிற்று.

இந்தத் தொடக்கத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் பெட்ரோவ் தற்காப்பு. ரஷ்ய ஆட்டம் என்றும் சொல்வதுண்டு. குதிரைக்குக் குதிரை காட்டி எதிர்ப்பதால் நான் மனத்துக்குள் இதை எதிர்க்குதிரை என்றே அழைத்து வருகிறேன். அந்தத் திண்ணையில் எனக்கு நேர்ந்த விபத்தைச் சதுரங்க நூல்கள் நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தன என்பதும், நம் தமிழ்நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஒருவரே இதே தொடக்கத்தில் என்னைவிட ஒரு நகர்வுதான் அதிகமாகத் தாக்குப்பிடித்தார் என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்ட விஷயங்கள்.

சதுரங்கப் பலகையின் அழகே அதன் சமச்சீரில் இருக்கிறது. இரு பக்கமும் 16 காய்கள். யானைக்கு நேரே யானை, குதிரைக்கு நேரே குதிரை, ராணிக்கு நேரே ராணி. நம் மதுரையும் அப்படி ஒரு பலகைதான். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊரின் மத்தியிலே நான்கு திசைக்கும் நான்கு ராஜகோபுரங்கள் நிற்க, தூரத்திலிருந்து பார்ப்பவர் நான்கும் ஒன்றேயென்று எண்ணுவார்; அருகே சென்று அண்ணாந்து பார்த்தவருக்கே சுமார் 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரம் மற்றவற்றை மிஞ்சி நிற்பது தெரியும். சதுரங்கத்திலும் அவ்வாறே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏற்றத்தாழ்வு முதற்கணத்திலேயே இருக்கிறது. காய்கள் ஒத்திருக்கின்றன, கட்டங்கள் ஒத்திருக்கின்றன, ‘யாருடைய முறை’ என்ற ஒன்று மட்டும் ஒத்திருக்க முடியாது. பலகையில் இடம் பிடிக்காத அந்தப் பொருள் எப்போதும் ஒருவர் கையில்தான் இருக்கும். உலகெங்கும் பதிவான ஆட்டங்களை எண்ணிப் பார்த்தவர்கள், முதலில் நகர்த்தும் வெள்ளைக்கு நூற்றுக்குச் சற்றேறக்குறைய 54, 55 பங்கு புள்ளிகள் சேர்கின்றன என்று கண்டிருக்கிறார்கள்.

பல்லாங்குழி ஆடிய பெண்கள் இதை எந்தப் புத்தகமும் இல்லாமல் அறிந்திருந்தார்கள். பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்குச் சமமான சோழியோ புளியங்கொட்டையோ என்று தொடக்கம் துல்லியமாக ஒத்திருந்தும், ‘மொதல்ல யாரு எடுக்குறது’ என்பதில்தான் சண்டை வரும். முதற்குழியைத் தேர்ந்தெடுக்கும்போது என் அத்தை விரலால் காற்றில் எண்ணிப் பார்த்துவிட்டே எடுப்பார்.

நம் நாட்டுச் சதுரங்கத்தில் இந்த முதல்முறைப் பிரச்சினை இவ்வளவு கூர்மையாக எழவில்லை என்பதற்குக் காரணம் அதன் விதிகளிலேயே இருக்கிறது. சிப்பாய்க்கு இரட்டைப் பாய்ச்சல் கிடையாது. இன்றுள்ள கோட்டை கட்டும் வழக்கம் கிடையாது. அதற்குப் பதிலாக, செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரேயொரு தடவை குதிரையைப் போலப் பாயலாம். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் தன் இஷ்டப்படி ராணியாகிவிட முடியாது. எந்தக் காயின் நேர்வரிசையில் வந்து சேர்ந்ததோ அந்தக் காயாகத்தான் மாறும். சில வழக்குகளில் ராஜாக்கள் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பாராமல், ஒவ்வொருவரும் எதிரியின் பெரிய காயைப் பார்த்து வீற்றிருப்பார்கள். அப்படி வைத்தால், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போன்ற ஒற்றுமை மறைந்து, பலகையைச் சுழற்றினால் மட்டுமே பொருந்தும் வேறொரு ஒற்றுமை பிறக்கிறது. இத்தகைய ஆட்டத்தில் இரு சைனியங்களும் வெகு நேரம் முட்டிக்கொள்ளாமல் தத்தம் எல்லைக்குள்ளேயே அணிவகுத்துக்கொள்ளும். மந்திரிக்கு வழிவிடக் குதிரைக்கு முன்னிருக்கும் சிப்பாய்கள் ஒவ்வோர் அடியாக நகரும். நிதானமே அதன் லட்சணம். அதில் வளர்ந்த ஆட்டக்காரருக்கு நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் அபாரமான பலம் இருந்தும், மூன்றாம் நகர்வில் குடிமுழுகிப் போகும் ஐரோப்பியத் தொடக்கங்கள் அந்நியமாகவே இருந்தன. 1929-இல் லண்டனுக்குச் சென்று அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியனாகி, 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காபாபிளாங்காவையே வென்ற பஞ்சாபின் சுல்தான் கானைப் பற்றியும், அவருடைய பலவீனம் தொடக்கத்தில்தான் என்று அவர் காலத்தவர் கண்டார்கள்.

தமிழருக்கு இந்த ஆட்டத்தோடு உள்ள உறவு பழையது. நீடாமங்கலத்துக்கு அருகே, அப்பர் பாடிய திருப்பூவனூரில் சிவபெருமான் சதுரங்க வல்லபநாதர் என்ற திருநாமத்துடன் எழுந்தருளியிருக்கிறார். அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது ஸ்தலபுராணம். 1814-இல் பம்பாயில் அச்சான சதுரங்க நூலொன்று, திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்ற தென்னாட்டுப் பெயரைத் தாங்கிய பண்டிதர் சமஸ்கிருதத்தில் இயற்றிய சிக்கல்களின் மொழிபெயர்ப்பு. முடிவுகளைப் பற்றிய அறிவு நம்மிடம் வேண்டுமளவு இருந்தது. தொடக்கங்களைப் பற்றிய சாஸ்திரம் வேறு தேசத்தில் வளர்ந்தது.

அந்தச் சாஸ்திரத்தில் எதிர்க்குதிரை மிகப் பழைய அத்தியாயம். போர்த்துக்கீசியரான டாமியானோ 1512-இல் ரோமாபுரியில் வெளியிட்ட நூலில் இத்தொடக்கம் இருக்கிறது. நான் திண்ணையில் செய்த தவறான வெட்டு இன்றைக்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மூன்று நூற்றாண்டு கழித்து அலெக்சாண்டர் பெட்ரோவ் என்ற ரஷ்ய வல்லுநர் இதன்மேல் ஆசை வைத்தார். அவர் காலத்தவரான யானிஷ் 1842-இல் இதைப் பகுத்தாராய்ந்து எழுதினார். பெட்ரோவின் பெயர் அதில் நிலைத்தது.

இந்த ஆராய்ச்சி கண்ட உண்மையை ஒரு பலகையை முன்னே வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. வெள்ளைக் குதிரை கறுப்புச் சிப்பாயை வெட்டிய அந்தக் கணத்தில் கறுப்பின் முன் இரு வழிகள் உள்ளன. உடனே பதிலுக்கு வெட்டலாம். அது நான் செய்தது. அதன் பிறகு வெள்ளை ராணி முன்னே வந்து குதிரையைத் தாக்க, கறுப்பு குதிரையை இழுக்காமல் மறுபடியும் பார்த்துச் செய்வதாக எண்ணித் தன் ராணியையும் முன்னே கொண்டுவரலாம். அப்போது வெள்ளை ராணி கறுப்புக் குதிரையை வெட்டும். கறுப்பு ராணியும் வெள்ளைக் குதிரையை வெட்டினால்? வெள்ளை ராணி நேரே அந்த ராணியையே எடுத்துக்கொள்ளும், அதுவும் செக்கோடு. ஆகவே அந்த இடத்தில் நகலெடுப்பதை நிறுத்தியே ஆக வேண்டும். சிப்பாயால் குதிரையை விரட்டி இழந்ததை ஓரளவு மீட்டாலும், கடைசியில் ஒரு சிப்பாய் குறைவாகவே எஞ்சும்.

இரண்டாவது வழி யானிஷும் அவருக்குப் பின் வந்தவர்களும் நியாயப்படுத்தியது. வெட்டுவதற்கு முன் ராணிக்கு எதிரே உள்ள சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி, உள்ளே புகுந்த குதிரையை ‘வெளியே போ’ என்று கேட்க வேண்டும். குதிரை திரும்பிப் போன பிறகு கறுப்புக் குதிரை சிப்பாயை வெட்டினால் கணக்கு சரியாகிவிடுகிறது. நடுக்கோட்டில் தடையாக இருந்த சிப்பாய்கள் இரண்டும் மறைந்து இரு ராஜாக்களுக்கும் இடையே ஒரு திறந்த வீதி உண்டாகிறது. பார்த்துச் செய்வதை ஒரே ஒரு நகர்வு ஒத்திப்போடுவதுதான் இந்தத் தற்காப்பின் உயிர். நாட்டுச் சதுரங்கத்துக்கே உரிய அந்த ஓரடிச் சிப்பாய்தான் இங்கே காப்பாற்ற வருகிறது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

இந்தத் தொடக்கம் இந்தியாவைத் தொட்ட கதை கல்கத்தாவில் நடந்தது. ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வக்கீல், ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவர், கல்கத்தாவில் தொழில் செய்துகொண்டிருந்தார். அவருக்கு ஈடுகொடுக்கக்கூடிய எதிரி, வங்காளத்துக் கிராமமொன்றிலிருந்து வந்த மகேஷ்சந்திர பானர்ஜி. நாட்டு முறையில் தேர்ந்த அந்தப் பிராமணரோடு காக்ரேன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். குதிரைக்கு முன்னிருக்கும் சிப்பாயை ஓரடி நகர்த்தி மந்திரியை மூலைக்கு அருகிலிருந்து மையத்தைப் பார்க்க வைக்கும் பானர்ஜியின் பழக்கம், பிற்காலத்தில் ‘இந்தியத் தற்காப்புகள்’ என்ற பெயரில் உலகச் சதுரங்கத்தின் பெரும்பகுதியாக வளர்ந்ததை அறிந்தவர்கள், அந்த ஆட்டங்களின் பிரதிகள் அழியாமல் கிடைத்ததற்கு நன்றி செலுத்துவார்கள்.

1848-இல் அவர்களுள் ஓர் ஆட்டத்தில் எதிர்க்குதிரை வந்தது. பானர்ஜி முறைப்படி சிப்பாயால் குதிரையை விரட்டினார். எல்லாரும் பின்வாங்கும் இடத்தில் காக்ரேன் பின்வாங்கவில்லை. அந்தக் குதிரையால் ராஜாவின் பக்கத்திலிருந்த சிப்பாயை வெட்டி, ராஜாவின் கையாலேயே தன் குதிரையை வெட்டவிட்டார். ஒரு குதிரைக்கு இரண்டு சிப்பாய், கணக்கில் நஷ்டம். ஆனால் கறுப்பு ராஜா வீட்டை விட்டு வெளியே வந்து நிற்கிறார், நாட்டுமுறைப் பாய்ச்சலும் இல்லை, கோட்டையும் இல்லை. சமச்சீரின் மேல் பொறுமையிழந்த ஒரு மனம் கல்லெறிந்து கண்ணாடியை உடைத்ததைப் போன்ற அந்த நகர்வுக்கு இன்றும் காக்ரேன் பலி என்றே பெயர். 1999-இல் லினாரஸ் போட்டியில் டோபலோவ் அதே பலியை கிராம்னிக்குக்கு எதிராக வைத்துப் பார்த்தார். அது சமனில் முடிந்தது. பானர்ஜியைப் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டிய அளவு அறியவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

பொறுமையிழக்காதவர்கள் இதே தொடக்கத்தை எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள் என்பதற்கு 2018-இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம் சாட்சி. வெள்ளை கார்ல்சன், கறுப்பு காருவானா. ராணிகள் இரண்டும் ராஜாக்களின் முன்னே எதிரெதிராக நிற்க, குதிரைகள் இரண்டும் அவற்றை நோக்கித் தாவிச் சென்று, எட்டாவது நகர்வில் வெள்ளைக் குதிரை கறுப்பு ராணியை வெட்ட, கறுப்புக் குதிரை வெள்ளை ராணியை வெட்டியது. முதல் ஒன்பது நகர்வுகளில் ஒரே வெள்ளைக் குதிரை ஏழு நகர்வுகளை எடுத்துக்கொண்டது. 80 நகர்வுகளுக்குப் பின் சமன். 68-ஆவது நகர்வில் மந்திரியைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோயிருந்தால் கறுப்புக்கு வெற்றி இருந்தது என்று கணினி கண்டது. மனிதக் கண்ணுக்கு எட்டாத தூரம் அது.

இனி நம்மவர் கதைக்கு வருகிறேன். 1935-இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவேல் ஆரன் 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். ஒன்பது முறை தேசிய சாம்பியன். சென்னையில் சோவியத் கலாசார மையத்தின் கூரையடியில் அவர் முயற்சியால் உருவான தால் சதுரங்க மன்றம், ரஷ்ய நூல்களையும் அங்கே வளர்ந்த தொடக்க சாஸ்திரத்தையும் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டவைத்தது. நாட்டுமுறை ஆடிய தலைமுறைக்கும் அச்சிட்ட ஆட்டங்களைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கும் இடையே அந்த மன்றமே பாலம் என்பது என் அபிப்பிராயம். அங்கே வந்தவர்களில் ஒருவர், 1969-இல் மயிலாடுதுறையில் பிறந்து, தாயாரிடம் ஆறு வயதில் ஆட்டம் கற்ற விஸ்வநாதன் ஆனந்த். 1987-இல் உலக இளையோர் சாம்பியன். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

அதே 1988-இல், சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், கொலம்பியாவின் அலோன்சோ சபாத்தாவுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆனந்த் உட்கார்ந்தார். எதிர்க்குதிரை வந்தது. சிப்பாயால் குதிரையை விரட்டுவது, குதிரை திரும்புவது, கறுப்புக் குதிரை நடுச்சிப்பாயை வெட்டுவது என்று நான்கு நகர்வுகள் சாஸ்திரப்படி நடந்தன. ஐந்தாவதாகச் சபாத்தா ராணிப்பக்கத்துக் குதிரையை எடுத்து, நடுவில் நின்ற கறுப்புக் குதிரையைத் தாக்கினார். குதிரைக்குக் குதிரை மாற்றிக்கொள்ளலாம், பின்வாங்கலாம். ஆனந்த் ராணிப்பக்கத்து மந்திரியை நடுப்பலகைக்கு அனுப்பி அந்தக் குதிரைக்குக் காவல் வைத்தார். பார்வைக்கு அது இயல்பான நகர்வு. காய் வெளியே வருகிறது, குதிரைக்குப் பாதுகாப்பும் கிடைக்கிறது. சபாத்தா ராணியை ராஜாவுக்கு முன்னால் வைத்தார். என் பெரியப்பா வைத்த அதே கட்டம்.

திறந்த வீதியின் ஒரு முனையில் வெள்ளை ராணி, மறுமுனையில் கறுப்பு ராஜா, நடுவே அசைய முடியாத கறுப்புக் குதிரை. முன்பு நகர்த்திய சிப்பாயையே இன்னோர் அடி முன்தள்ளிக் காவலைப் பலப்படுத்தினால், வெள்ளை தன் சிப்பாயை ஓரடி தள்ளி மறுபடி தாக்கும். ஓட முடியாத குதிரை செத்ததுதான். ராணியைக் குறுக்கே வைத்தால், வெள்ளைக் குதிரை மையத்தில் பாய்ந்து அந்த ராணியைத் துரத்த, குதிரை அப்போதும் மிஞ்சாது. ஆறாவது நகர்வைக் கண்டதும் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். பின்னாளில் ஐந்து முறை உலக சாம்பியன் பட்டம் வென்றவரின் வாழ்க்கையில் மிகச் சுருக்கமான தோல்வி அது. அவரே அதை மறைக்காமல் சொல்லி வந்திருக்கிறார்.

அந்த மந்திரி நகர்வு அவருடைய சொந்தக் கற்பனையில் தோன்றியதன்று. 1987-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஆங்கிலேயரான மைல்ஸும் அமெரிக்கரான கிறிஸ்டியன்சனும் ஆடிய ஆட்டத்தில் அதே நகர்வு வந்திருந்தது. மைல்ஸ் ராணியை முன்னே கொண்டுவரவில்லை, குதிரைகளை மாற்றிக்கொண்டார், 20 நகர்வில் சமன். பெல்கிரேடில் வெளியாகும் இன்ஃபர்மேட்டர் தொகுதியில் அந்த ஆட்டம் அச்சாயிற்று. இரு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடியது, அச்சிலும் ஏறியது என்றால் அது சோதிக்கப்பட்டதாகவே எவருக்கும் தோன்றும். எதிரில் இருப்பவரைப் பார்த்துச் செய்யும் பேதைமையைத்தான் டாமியானோ காலம் முதல் நூல்கள் கண்டித்து வந்தன. எங்கோ ஆடிய மூன்றாமவரைப் பார்த்துச் செய்வதும் அதே ஜாதியைச் சேர்ந்தது என்பதை, எனக்குத் தெரிந்தவரையில், பீல் நகரத்து ஆட்டமே மறுக்க முடியாதபடி காட்டிற்று.

அந்தச் செய்தி இங்கே வந்தபோது பெரியப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. பத்திரிகையில் வந்த நகர்வுகளை நான் படிக்கப் படிக்க, அவர் அதே பழைய காய்களைத் திண்ணையில் வைத்துக்கொண்டே வந்தார். தாயக்கட்டை யானை தன் மூலையில் நின்றது. மந்திரி நகர்வு வந்ததும் கையை எடுக்காமல் அதன் தலையைப் பிடித்தபடி சற்று நேரம் இருந்தார். அடுத்த நகர்வை நான் இன்னும் படிக்கவில்லை. அவரே மறு கையால் வெள்ளை ராணியை ராஜாவுக்கு முன்னால் நகர்த்தி வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, ‘நம்ம பய இத தானா யோசிச்சு வச்சானா, இல்ல யாரையும் பாத்து வச்சானாப்பு?’ என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். மைல்ஸும் கிறிஸ்டியன்சனும் ஆடிய ஆட்டத்தைப் பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு பழைய புத்தகக்கடையில் அச்சில் கண்டு, அவரிடம் சொல்ல வேண்டும் என்று காளவாசல் வரை நடந்தே வந்துவிட்டேன். வாசலை நெருங்கிய பின்புதான் திண்ணையை இடித்து வீட்டைக் கடையாக்கியிருந்ததும், அவர் இல்லாததும் நினைவுக்கு வந்தன.